பக்கக் கதவும் மேசைப் புத்தகமும்

போன கிழமைப் பயிற்சி வகுப்பு முடிகிற நேரம் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார். "அக்கா, இந்த மாற்று முகப்புகளில எது நல்லது? ஒரு லிஸ்ட் தந்தீங்கள் எண்டால் எங்கட இணைய அறையளில போட்டு விட்டிடுவம்." மற்றவர்களும் பேனையைத் திறந்துகொண்டு காத்திருந்தீர்கள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டேன். மனுசிக்கு வயது போய்விட்டது, மறந்துவிட்டா என்று நினைத்திருப்பீர்கள். மறக்கவில்லை. லிஸ்ட் தந்திருந்தால் இரண்டு மாதத்தில் அதில் பாதி செத்துப்போயிருக்கும், மீதியில் ஒன்று கைமாறியிருக்கும். அக்கா சொன்னவ என்ற நம்பிக்கையில் நீங்கள் அதற்கு முன்னாலேயே சனத்தைக் கொண்டுபோய் இருத்தியிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் ஒரு கதைதான். அதை நின்றுகொண்டு சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தில் இணைய அறையை நான் நடத்தினேன். ஆறு கணினி. உப்புக் காற்றுக்கு அதில் ஒன்று எப்போதும் படுத்த படுக்கை. வெயில் ஏறினால் ஒரு கழுதை வந்து வாசல் நிழலில் நின்றுகொள்ளும், அதைத் தள்ளிவிட்டுத்தான் சனம் உள்ளே வரும். அந்த அறையில் மாற்று முகப்பை நாங்கள் பக்கக் கதவு என்றுதான் சொல்வோம். பெரிய வீடியோத் தளத்துக்கு முன்வாசலால் போனால் அது உங்கள் கணக்கைக் கேட்கும், நீங்கள் பார்த்ததை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கும், அடுத்த முறை அதைப் போலவே பத்தைக் கொண்டுவந்து காட்டும். பக்கக் கதவு என்பது எங்கோ ஒருவர் தன் கணினியில் நடத்துகிற சின்னத் தளம். நீங்கள் கேட்கிற வீடியோவை அந்தக் கணினி போய் எடுத்து வந்து உங்களுக்குக் காட்டும். பெரிய தளத்துக்கு அந்தக் கணினியைத்தான் தெரியும், உங்களைத் தெரியாது. கணக்கும் இல்லை, விளம்பரமும் இல்லை.

இது முதன்முதல் எனக்கு விளங்கிய அன்று நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. முகம் தெரியாத ஒருவர், முகம் தெரியாத எங்களுக்காக, இரவு பகல் ஒரு கணினியை ஓடவிட்டு வைத்திருக்கிறார், கைமாறாக ஒன்றுமே கேட்கவில்லை. தாழ்வுபாடு என்ற மீன்பிடிக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கடலில் ஒரு வள்ளம் நின்றுபோனால் பின்னால் வருகிறவன் யார் எவர் என்று பாராமல் கயிறு கட்டி இழுத்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று இந்தக் கம்பிக்குள்ளும் நடக்கிறது என்று நினைத்ததும் எனக்கு மெய் சிலிர்த்தது. சிலிர்ப்பில் அறிவு கொஞ்சம் மங்கும். கயிறு எறிகிற எல்லோரையும் நல்லவர்கள் என்று நினைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில்தான் மல்லிகா வந்தாள். மல்லிகா என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவளுடைய பெயர் இல்லை. மலையகத்திலிருந்து வந்து தீவுக்கு வெளியே பெருநிலப் பக்கம் ஒரு கிராமத்தில் குடியேறிய குடும்பம். கூலி வேலை. பிள்ளைக்குத் தொய்வு, மூச்சிழுப்பு, இருந்ததால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுவருவாள். கிளினிக் முடிந்து பஸ் வரும்வரை கையில் முக்கால் மணித்தியாலம் இருக்கும். முதல் நாள் பிள்ளையை மடியில் படுக்கவைத்துக்கொண்டு, சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"அக்கா, வீட்டுக்காரர் கை நீட்டுறார். கோர்ட்டுல பாதுகாப்புக் கட்டளைன்னு ஒண்ணு எடுக்கலாமாமே. ஒரு வக்கீல் அம்மா தமிழ்ல வீடியோவா போட்டிருக்காங்க. எங்க போன்ல பார்க்க முடியாதுங்க. போன் அவரோடது, பொழுதுபட்டா நான் என்ன பார்த்தேன்னு பார்ப்பார். ஒரு தடவை தொட்டாப் போதும், மறுநாள் அதே மாதிரி வீடியோவா வந்து நிக்குது."

எங்கள் அறையிலும் அதே கரைச்சல்தான். கணினிகள் நிலையத்தின் கணக்கில் திறந்தே கிடக்கும். அவள் எழும்பிப் போனதும் அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் வந்து அதே கதிரையில் இருக்கலாம். இருந்ததும் வக்கீல் அம்மா திரையில் வந்து நிற்பா. கணக்கை மூடிவிட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'உள்நுழையவும்' என்று தளம் பிடிவாதம் பிடிக்கும். பக்கக் கதவுதான் வழி என்று நான் முடிவெடுத்தேன். எதை எடுத்தேன் தெரியுமா? வடிவானதை, பார்க்க அழகாக இருந்ததை. பளிச்சென்று திறந்தது, பட்டியல் எல்லாம் தமிழில் இருந்தது, முகப்பில் 'நாங்கள் எதையும் சேமிப்பதில்லை, நூறு வீதம் பாதுகாப்பு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. சீலை வாங்கப் போனால்கூட ஒரு நூலை இழுத்துப் பார்க்கிறவள் நான். அன்று ஒன்றையும் இழுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு முறை ஒழுங்காக வேலை செய்தது. மூன்றாம் முறை ஒரு பெட்டி வந்தது. வீடியோத் தளத்தின் பாஸ்வேர்டை இங்கே தந்தால் பார்த்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு முறையும் தேடத் தேவையில்லை என்றது. பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். பிள்ளை சிணுங்கத் தொடங்கிவிட்டது.

"உங்களிட்ட பாஸ்வேர்ட் இருக்கோ?" என்று கேட்டேன்.

"அவர் போன்ல கணக்குப் போட்டதே நான்தானுங்க. தெரியும்."

"அப்ப போடுங்கோ. நேரம் மிச்சம்."

ஓம், நான்தான் சொன்னேன். இத்தனை வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு, என்னுடைய இந்த வாயால்தான் சொன்னேன். அவள் விரலைத் தட்டச்சுப் பலகைக்கு மேலே வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"அக்கா, கணக்கு இல்லாம பார்க்கத்தானே இந்தக் கதவால வந்தோம். இந்தக் கதவுக்கு எதுக்குங்க கணக்கு?"

நான் அந்தத் தளத்தையே மூடினேன். அவள் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. புதிய இடத்தில் இருந்து யாரோ உங்கள் கணக்கைத் திறந்திருக்கிறார்கள் என்று அந்த நிமிடமே புருசனுடைய போனில் மணி அடித்திருக்கும். அவள் வீடு போய்ச் சேருமுன் அவர் வாசலில் நின்றிருப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், கணினியைத் தொட்டு ஒரு மாதம். அவள் கேட்ட கேள்வியைத்தான் பிறகு நான் பணிக்காலம் முழுவதும் ஒவ்வொரு தளத்திடமும் கேட்டேன். நான் இங்கே வந்த காரணத்துக்கு நேர்மாறாக நீ எதையாவது கேட்கிறாயா? கேட்டால் எழும்பிவிட வேண்டியதுதான்.

அவள் போன பிறகு அந்த வடிவான தளத்தைத் தோண்டிப் பார்த்தேன். யார் நடத்துகிறார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. கடிதம் போட முகவரி இல்லை. இப்படித் தளம் நடத்துகிறவர்கள் தளத்தை இயக்குகிற மென்பொருள் நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்து வைப்பது வழக்கம், அதுவும் இல்லை. வேறு யாரோ நேர்மையாகச் செய்ததைப் பிரதி எடுத்து, மேலே பூச்சுப் பூசி வைத்திருந்தார்கள். நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்த கிளினிக் நாளுக்குள் வேறு ஒன்று தேட வேண்டும். ஒன்று அகப்பட்டது. பார்க்கச் சகிக்காத தளம். சாம்பல் நிறம், ஆங்கில எழுத்து, ஒரு படம் கிடையாது. பக்கத்தின் அடியில் 'இதை நடத்துபவர் பற்றி' என்று ஒரு துண்டு இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று முறை வாசித்தேன். அதன் சாரம் இதுதான். நான் ஒரு தனி ஆள். இந்தக் கணினி என் வீட்டில் இருக்கிறது. நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், எதைக் கேட்கிறீர்கள் என்று நான் விரும்பினால் பார்க்க முடியும். பார்ப்பதில்லை. பிழை திருத்துவதற்கான குறிப்புகள் ஒரு நாள் இருக்கும், பிறகு அழிந்துவிடும். இதற்கெல்லாம் என் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. உங்கள் உயிர் இதில் தங்கியிருந்தால் என் வார்த்தையை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நம்பு நம்பு என்று கத்துகிற உலகத்தில், என்னை அளவுக்கு மேல் நம்பாதே என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கோயிலில் நிற்பது போல அந்தத் திரைக்கு முன்னால் இருந்தேன். எதையுமே சேமிப்பதில்லை என்று சொன்னவனை விட, ஒரு நாள் சேமிக்கிறேன் என்று சொன்னவரை நம்பலாம் என்று அன்று எனக்குப் பட்டது. தன்னால் என்ன கெடுதல் செய்ய முடியும் என்பதை உட்கார்ந்து யோசித்த ஆள்தான் அதை எழுத முடியும்.

அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், உடைந்த ஆங்கிலத்தில். மல்லிகாவின் கதை, அவளுடைய ஊர், கிளினிக் நாள், புருசன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, உங்கள் கணினியில் இவள் பார்க்கலாமா, வேறு என்ன குறித்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆணா பெண்ணா என்று இன்றைக்கும் தெரியாது.

"அந்தப் பெண்ணைப் பற்றி இவ்வளவும் எனக்கு நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. உங்கள் கடிதத்தை அழித்துவிட்டேன். நீங்களும் அழித்துவிடுங்கள். அவர் பார்க்கலாம். என் கணினி குறித்து வைப்பதை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன், அதற்கு மேல் இல்லை. உங்கள் அறை என்ன குறித்து வைக்கிறது?"

கடைசி வரியை வாசித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் அறையா? எங்களிடம் என்ன இருக்கிறது? சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். வாசல் மேசையில் அது கிடந்தது.

உங்கள் அறைகளிலும் கிடக்கும், அதனால்தான் இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன். நீளமான கோட்டுக் கொப்பி, முதுகில் நூலால் கட்டிய பேனை. பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊர், வந்த நேரம், போன நேரம், கடைசி நிரலில் 'பார்த்த விடயம்'. சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் வந்து கேட்பார்கள், கேட்டால் காட்ட வேண்டும் என்று தொடங்கிய பழக்கம். கேட்க வந்தவர்கள் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. கொப்பி முடிந்தால் புதுக் கொப்பி வாங்கி, மறக்காமல் கோடு போட்டுக்கொண்டே இருந்தோம். கணினிக்குக் காத்திருக்கிற சனம் அதைப் பேப்பர் போலப் புரட்டி வாசிக்கும். யார் பாஸ்போட்டுக்கு விண்ணப்பிக்கிறார், யாருடைய மகனுக்கு என்ன சோதனை முடிவு, எல்லாம் அதில் இருக்கும். உலகத்தின் மறுகோடியில் இருக்கிற ஒருவரிடம் நீ எதைக் குறித்து வைக்கிறாய் என்று விசாரணை வைத்த நான், என் மூக்குக்குக் கீழே இருந்ததைக் கண்டதே இல்லை. ஆட்கள் தாங்களே எழுதுவார்கள், நான் எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்ப்பேன். என்ன எழுதினார்கள் என்று வாசித்ததும் இல்லை.

நேரே நிலையச் செயலாளரிடம் போனேன். ஒழுங்கான மனிதர், பழைய கணக்கு வாத்தியார்.

"ஐயா, இந்தக் கொப்பியை இண்டைக்கே எடுக்கோணும்."

"அதெப்பிடிப் பிள்ளை? இது நிர்வாகசபை போட்ட ஒழுங்கு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கு. அங்க கதைச்சு எடுப்பம். மூண்டு நாளில என்ன வந்திடப் போகுது?"

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இது என் அடுத்த பிழை. நடைமுறைக்கும் ஒரு ஆளுடைய பாதுகாப்புக்கும் நடுவில் நின்று, நடைமுறையைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்த நாள் கிளினிக் நாள். பத்து மணி இருக்கும். நல்ல வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் கழுதையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். சிரித்த முகம். மேசைக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, என் வீட்டுக்காரி இங்க வருதுங்களா? பஸ் ஸ்டாண்ட்ல பார்த்த ஒருத்தர் சொன்னார்." அவளுடைய உண்மையான பெயரையும் சொன்னார். சொல்லும்போதே கை கொப்பியில் இருந்தது.

பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் இதில் ஏதோ இருக்கிறது என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். "கணினி பாவிக்கப் போறீங்களோ? அப்ப அடையாள அட்டையைத் தாங்கோ" என்றேன், எல்லோரிடமும் சொல்கிற அதே அலுத்த குரலில். அவர் கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இல்லக்கா, சும்மா." பக்கத்தைப் புரட்டினார். ஒன்று. இரண்டு. விரல் ஒரு இடத்தில் நின்றது. அவளுடைய பெயர். விரல் அந்த வரியிலேயே வலப்பக்கம் நகர்ந்தது. இலக்கம், ஊர், நேரம். கடைசி நிரலுக்கு வந்தது. எனக்கு எழுத்துத் தலைகீழாகத்தான் தெரிந்தது, வட்ட வட்டமான, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து.

"பிள்ளை இருமல், கைவைத்தியம்" என்று அவர் வாசித்தார். அதற்கு முந்தைய வரவைப் பார்த்தார். அதிலும் இருமல். அதற்கு முந்தையதிலும் இருமல்.

"ஓம்," என்றேன். "இந்தக் காத்துக்கு எல்லாப் பிள்ளையளுக்கும் இருமல்தானே."

"ஆஸ்பத்திரி மருந்து பத்தாதாம் அவளுக்கு," என்று சிரித்துவிட்டுக் கொப்பியை மூடினார். கழுதையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் கொப்பியை என் பக்கம் திருப்பி, அவளுடைய வரிகளை வாசித்தேன். முதல் நாளே, பக்கக் கதவு என்றால் என்ன என்று நான் வாய் ஓயாமல் விளங்கப்படுத்திக்கொண்டிருந்த அந்த முதல் நாளே, அவள் மேசைப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறாள். இதை யார் புரட்டக்கூடும் என்று யோசித்திருக்கிறாள். பெயரை மாற்றினால் அட்டையில் பிடிபடும் என்று பெயரை உள்ளபடியே விட்டுவிட்டு, யாருக்கும் சந்தேகம் வராத ஒன்றை எழுதி வைத்திருக்கிறாள். ஒருவரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பயந்து பயந்து வாழ்ந்த ஒரு வீட்டில் அவள் தானாகப் படித்த படிப்பு அது. அதை நினைக்கையில் எனக்கு ஒரு பக்கம் வியப்பு, ஒரு பக்கம் அழுகை.

பதினொரு மணிக்கு அவள் வந்தாள். அதற்குள் நான் கொப்பியை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை.

"வருவார்னு தெரியுங்க. புத்தகம் எங்கக்கா?"

"பூட்டிட்டன். இனி அது வெளிய வராது."

"ஐயோ, வேணாங்க அக்கா. எடுத்து வையுங்க. அவர் திரும்ப வருவார். இன்னைக்கு என் பேர் இல்லைன்னா, இல்ல புத்தகமே இல்லைன்னா, நீங்க எனக்காக மறைச்சீங்கன்னு விளங்கிடும். நான் சொல்றப்ப எடுங்க."

நான் அலுமாரியைத் திறந்தேன். அவள் பேனையை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, 'பிள்ளை இருமல்' என்று எழுதினாள். பிறகு போய் அந்தச் சாம்பல் நிறத் தளத்துக்கு முன்னால் இருந்து, வக்கீல் அம்மாவின் வீடியோவை விட்ட இடத்திலிருந்து பார்த்தாள். என்னென்ன கடுதாசி கொண்டுபோக வேண்டும் என்பதை ஒரு தாளிலும் எழுதவில்லை. மூன்று முறை கேட்டு மனதில் ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கொப்பியை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று நானே எழும்பிச் சொன்னேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மூண்டு நாளுக்கு முதல் நீர்தானே பிள்ளை ஒற்றைக் காலில நிண்டனீர்?" நான் காரணம் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புருசன் இன்னும் ஒருமுறை வந்தார். புரட்டினார், போனார்.

அதனால்தான் என்னிடம் லிஸ்ட் இல்லை. அந்தச் சாம்பல் தளமும் இப்போது இல்லை. மூடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே முகப்பில் அறிவித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அதை நடத்தியவர் மூடினார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு இடம் எப்படி மூடப்படுகிறது என்பதிலும் ஆளைத் தெரியும். நீங்கள் தேடுங்கள். யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள், தன்னுடைய குறையைத் தானே சொல்கிறதா என்று பாருங்கள், கேட்கக் கூடாததைக் கேட்கிறதா என்று பாருங்கள். ஆனால் அதற்கு முதல் உங்கள் மேசையைப் பாருங்கள். அதற்கும் முதல், கதிரையில் இருக்கிற ஆளிடம் கேளுங்கள். தனக்கு எங்கிருந்து ஆபத்து வரும் என்று உங்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக அவள் வந்தது கிளினிக் இல்லாத ஒரு நாள். ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் ஒரு பை. கணினிப் பக்கம் போகவில்லை. மேசைக்கு முன்னால் நின்றாள்.

"கட்டளை கிடைச்சிருச்சுக்கா. இனி புத்தகத்தை எடுக்கலாம்."

எங்கே போகிறாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவள் என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு இறங்கிப் போனாள். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போய், ஒவ்வொரு தாளாகக் கிழித்து நெருப்பில் போட்டேன். பஸ் புறப்படுகிற சத்தம் கேட்டது. அது எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.